கோழித் தீவனக் காப்புரிமை: ‘இது தெரிந்த விஷயம்தானே’ என்பதைச் சான்றாக மாற்றுவது எப்படி?

“இதைத்தானே சார் இத்தனை வருடமாகச் செய்துவருகிறோம், இதற்கு எப்படிக் காப்புரிமை கொடுத்தார்கள்?”

பாளையங்கோட்டையில் என் அலுவலகப் படியேறி வரும் தீவன ஆலைக்காரர்கள் அனேகமாக இந்தக் கேள்வியோடுதான் நாற்காலியில் உட்காருகிறார்கள். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ் இருக்கும். தீவனத்தில் நீங்கள் சேர்க்கும் இன்ன பொருள் எங்கள் காப்புரிமைக்குள் வருகிறது, உடனே நிறுத்துங்கள் என்று அதில் எழுதியிருக்கும். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை அப்படியே காப்புரிமையை எதிர்க்கும் மனுவில் எழுதினால் தோற்றுவிடுவோம். யாருக்குத் தெரியும், எந்தத் தேதிக்கு முன் தெரியும், தெரிந்தவர் ஏன் இந்தக் கலவையை நோக்கிப் போயிருப்பார் என்று சட்டம் மூன்று கேள்விகள் கேட்கிறது. முதல் இரண்டுக்கும் எப்படியாவது பதில் திரட்டிவிடுகிறோம். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத மனுக்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேல்முறையீட்டுக்குப் போன பிறகு அந்த ஓட்டையை அடைக்க அநேகமாக முடியாது.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் இளம் வழக்கறிஞர்களையும், கால்நடை மருத்துவம் படித்துவிட்டுக் காப்புரிமைப் பக்கம் திரும்பியவர்களையும், ஆலை நடத்துபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எந்தக் கதவைத் தட்டுவது

இதை முதலில் முடிவுசெய்ய வேண்டும், ஏனென்றால் எல்லாக் கதவுக்குப் பின்னாலும் மேல்முறையீடு இல்லை.

விண்ணப்பம் வெளியாகி, காப்புரிமை இன்னும் வழங்கப்படாமல் இருந்தால், 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவில் யார் வேண்டுமானாலும் படிவம் 7ஏ மூலம் எதிர்க்கலாம். வழங்கப்பட்டுவிட்டால் 25(2) பிரிவு. வழங்கிய செய்தி காப்புரிமை இதழில் வெளியான தேதியிலிருந்து ஓராண்டுக்குள், அதில் அக்கறை உள்ளவர் படிவம் 7 மூலம் எதிர்க்க வேண்டும். அதே துறையில் ஆராய்ச்சி செய்பவரும் இதில் அடங்குவார். தீவனம் அரைத்து விற்பவருக்கு இந்தத் தகுதியைக் காட்டுவது கடினமில்லை. ஓராண்டும் கடந்துவிட்டால் 64ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்து கோரலாம். உங்கள்மீது மீறல் வழக்கு போட்டிருந்தால் அதிலேயே எதிர்க்கோரிக்கையாகவும் வைக்கலாம்.

புதியவர்கள் இடறும் இடம் இதுதான். 25(1)இல் எதிர்த்துத் தோற்றவருக்கு 117ஏ பிரிவில் மேல்முறையீடு கிடையாது. அதே கட்டத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் விண்ணப்பதாரருக்கு உண்டு. 25(2)இல் முடிவு எப்படிப் போனாலும் இரு தரப்புக்கும் உண்டு. ஆகவே உங்களிடம் வலுவான சான்று இருந்து, திரட்ட இன்னும் காலமும் தேவைப்பட்டால், அவசரப்பட்டு முன்னெதிர்ப்பில், அதாவது 25(1)இல், எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் முடிவுகளுக்கு மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. 2021இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு வந்த ஏற்பாடு இது. 2023 முதல் அங்கே அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. முடிவு தேதியிலிருந்து மூன்று மாதம் அவகாசம்.

உரிமைக்கோரலைத் துண்டு போடுங்கள்

விளக்கமாகச் சொல்ல ஒரு கற்பனை உதாரணத்தைக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போகிறேன். காப்புரிமையின் உரிமைக்கோரல், அதாவது எதற்கு உரிமை என்று எல்லை வகுக்கும் வாசகம், இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்: கறிக்கோழித் தீவனத்தில் சேர்ப்பதற்கான துகள், நடுவில் ஃபைட்டேஸ் என்சைம், அதைச் சுற்றி ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்புப் பூச்சு, பூச்சு துகளின் எடையில் 10 முதல் 30 சதவீதம். முன்னுரிமைத் தேதி, அதாவது எது முன்பே தெரிந்தது என்று கணக்கிடும் நாள், 2016 ஜூன் 1.

இதற்குப் பின்னால் உள்ள சிக்கல் உண்மையானது. மக்காச்சோளத்திலும் சோயா புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் வடிவில் பூட்டிக்கிடக்கிறது. கோழியின் குடலால் அந்தப் பூட்டைச் சரியாகத் திறக்க முடியாது. ஃபைட்டேஸ் என்சைம் திறக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்தே வணிக ரீதியாக விற்பனையில் இருக்கிறது. ஆனால் தீவனத்தை அழுத்திக் குருணையாக்கும்போது நீராவி பாய்ச்சி 80 டிகிரி அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். குருணை இயந்திரத்தின் வாயில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்: ஈரமும் வெப்பமுமாகப் பொலபொலவென்று விழும், உள்ளங்கையில் இரண்டு விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. என்சைம் என்பது புரதம். அந்த ஈரச் சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கெட்டுப்போகிறது.

இப்போது ஒரு தாளை எடுத்து உரிமைக்கோரலின் ஒவ்வொரு கூறையும் தனி வரியாக எழுதுங்கள். என்சைம், அது ஃபைட்டேஸ் என்பது, கொழுப்புப் பூச்சு, கொழுப்பு ஹைட்ரஜனேற்றியது என்பது, 10–30 சதவீதம், கறிக்கோழித் தீவனம். கண்டுபிடிப்பை விவரிக்கும் விளக்கவுரையில் எவ்வளவு பெருமை பேசியிருந்தாலும் உரிமைக்கோரலில் இல்லாதது கணக்கில் வராது. ‘85 டிகிரியிலும் தாங்குகிறது’ என்று விளக்கவுரை சொல்லி, உரிமைக்கோரலில் வெப்பநிலையே இல்லையென்றால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

முதல் உரிமைக்கோரலைச் சார்ந்து அதை மேலும் குறுக்கும் சார்பு உரிமைக்கோரல்களையும் இதேபோல் துண்டு போட வேண்டும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். நீங்கள் முதல் உரிமைக்கோரலை உடைத்தவுடன் எதிர்த்தரப்பு 59ஆம் பிரிவின்படி அதைச் சுருக்கி, ‘சரி, 18 முதல் 22 சதவீதம் மட்டும்’ என்று திருத்தம் கொண்டுவரும். அதற்கும் பதில் உங்கள் மனுவில் முன்பே இருக்க வேண்டும்.

துறையறிந்தவர் யார்

துறையில் தேர்ந்தவருக்கு எளிதில் புலப்படுவதற்குக் காப்புரிமை கிடையாது. எளிதில் புலப்படுவதா இல்லையா என்பதை நீதிபதியின் கண்ணாலோ உங்கள் கண்ணாலோ பார்ப்பதில்லை. துறையில் தேர்ந்த ஒரு கற்பனை மனிதரின் கண்ணால் பார்க்கிறோம். உச்ச நீதிமன்றம் 1978இல் பிஷ்வநாத் பிரசாத் வழக்கில், பாத்திரங்களைக் கடைசலுக்குப் பிடித்துவைக்கும் ஒரு கருவி பற்றிப் பேசும்போது இந்த மனிதரை அழகாக நிறுத்திக்காட்டியது: வெறும் கைவேலைக்காரர் அல்லர், திறமையான கைவினைஞர், அந்தத் தேதியில் துறையின் பொது அறிவு உள்ளவர், அதே சிக்கலை எதிர்கொள்பவர், ஆனால் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி அறியாதவர். முந்தைய ஆவணத்தை அவர் கையில் கொடுத்தால், ‘எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது’ என்று சொல்லியிருப்பாரா?

நம் உதாரணத்தில் அவர் கால்நடை ஊட்டச்சத்தில் முதுநிலை படித்து, தீவன ஆலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்; அல்லது அப்படிப்பட்ட இருவர் சேர்ந்த குழு. இதை மனுவில் வெளிப்படையாக எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள். ஆள் மாறினால் விடையும் மாறும். மாட்டுத் தீவனம் மட்டுமே அறிந்தவரை நிறுத்தினால் அவருக்கு ஃபைட்டேஸில் பெரிய அக்கறையே இருக்காது, ஏனென்றால் அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே ஃபைட்டேட்டைப் பிரித்துவிடுகின்றன. எதிர்த்தரப்பு வேண்டுமென்றே அப்படியொருவரை நிறுத்தும்.

தேதி

என் அனுபவத்தில் அதிக வழக்குகள் சாய்வது இங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு எதிர்ப்பில் தோற்றோம். எங்கள் கையில் இருந்த துண்டுப்பிரசுரத்தில் எதிர்த்தரப்பின் கலவை அப்படியே இருந்தது, அளவுகள் உட்பட. ஒரு தீவனக் கடையின் பழைய பெட்டியிலிருந்து கிடைத்தது. தாள் மஞ்சள் பூத்து, மடிப்பில் கிழிந்து, பார்த்தாலே பழையது என்று தெரிந்தது. ஆனால் அச்சிட்ட ஆண்டு எங்கும் இல்லை. ‘பார்த்தாலே பழையது’ என்பதை எந்த அதிகாரியும் தேதியாக ஏற்றுக்கொள்ள மாட்டார். அன்று அவர் ஏற்காதது சரிதான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கில் முதுநிலை ஆய்வேடு ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் ஆண்டு மட்டும் இருந்தது. காப்புரிமையின் முன்னுரிமைத் தேதியும் அதே ஆண்டு. எந்த மாதம் என்ற கேள்வி வரும் என்று இந்த முறை தெரிந்திருந்தது. ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், நூலகத்தின் ஊதா மை முத்திரை, நடுவில் கையால் எழுதிய தேதி, பக்கத்தில் சேர்க்கை எண். அந்த எண்ணை வைத்து நூலகப் பதிவேட்டில் அந்த வரியைக் கண்டுபிடித்து, சான்றிட்ட நகல் வாங்கினோம். பொதுமக்கள் அந்த ஏட்டை எந்த நாளிலிருந்து பார்த்திருக்க முடியும் என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

ஆகவே எங்கே தேடுவது என்பதோடு, அங்கே தேதி எப்படிப் பதிவாகிறது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இதற்கு வளம் உண்டு. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிருஷிகோஷ் தளத்திலும், மற்றப் பல்கலைக்கழகங்களுடையவை ஷோத்கங்காவிலும் கிடைக்கின்றன. காப்புரிமை ஆவணங்களுக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளம், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் இரண்டும் இலவசம். சொற்களை மட்டும் நம்பித் தேடாதீர்கள். காப்புரிமைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். விலங்குத் தீவனம் முழுவதும் ஏ23கே என்ற வகையில் வருகிறது. அதில் 20/189 என்சைம்கள், 40/30 பூச்சு, 50/75 கோழித் தீவனம். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு முன்னுரிமைத் தேதிக்கு முந்தையதை மட்டும் வடிகட்டினால், நாள் முழுக்கச் சொல்தேடலில் கிடைக்காதது அரை மணியில் கிடைக்கும். இந்தியத் தர நிர்ணயங்களையும் மறக்க வேண்டாம்: கோழித் தீவனத்துக்கு ஐஎஸ் 1374, கலப்பு மாட்டுத் தீவனத்துக்கு ஐஎஸ் 2052. துறையின் பொது அறிவு என்ன என்பதற்கு இவற்றைவிடக் கண்ணியமான சாட்சி குறைவு.

அச்சில் வந்ததுதான் சான்று என்று நினைத்துவிடாதீர்கள். 25(2) பிரிவின் ஐந்தாவது காரணம், வெளியான ஆவணங்களோடு இந்தியாவில் முன்பே பயன்பாட்டில் இருந்ததையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆலையின் கலவை நோட்டு, விற்பனை ரசீது, சாக்கில் அச்சடித்த பொருள் பட்டியல், அந்தச் சாக்கை அச்சடித்த கடையின் பில் எல்லாம் உதவும். நோட்டு மட்டும் தனியாக நின்றால் பலவீனம். ரகசியமாக வைத்திருந்த கலவை என்று சொல்லிவிடுவார்கள். அதே மாதத்து விற்பனை ரசீதோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும். வாடிக்கையாளர் ஒருவர், மேலப்பாளையம் சந்தைக்குப் போகும்போது இந்தத் தீவனத்தை இந்த ஆண்டு முதல் வாங்கினேன் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் இன்னும் நல்லது.

தமிழ் ஆவணமென்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். இதில் கவனம் மிக அவசியம். ஒரு நாட்டு மருந்துக் குறிப்பில் இருந்த சுண்ணாம்பை எங்களுக்காக மொழிபெயர்த்தவர் ‘லைம்’ என்று எழுதினார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எலுமிச்சை என்றும் பொருள் உண்டு. எதிர்த்தரப்பு அதை எலுமிச்சை என்றே எடுத்துக்கொண்டு, காரப் பொருளைப் பற்றிய காப்புரிமைக்கு அமிலப் பழத்தைச் சான்றாகக் காட்டுகிறார்கள் என்று வாதிட்டது. கால்சியம் ஹைட்ராக்சைடு என்று வேதிப்பெயரைப் போட்டிருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது. மூலிகை என்றால் தாவரவியல் பெயர், பொருள் என்றால் வேதிப்பெயர், அளவு என்றால் கிராம். படி, ஆழாக்கு, கைப்பிடி ஆகியவற்றை எடை போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

காரணம்: வழக்கின் உயிர்

உதாரணத்துக்குத் திரும்புவோம். கையில் இரண்டு கற்பனை ஆவணங்கள். முதலாவது 2009ஆம் ஆண்டு ஆய்வேடு: பூச்சில்லாத ஃபைட்டேஸ் குருணையாக்கும் சூட்டில் பெரும்பகுதி வீரியம் இழக்கிறது, அதைப் பாதுகாக்க வழி தேவை. இரண்டாவது 2004ஆம் ஆண்டுக் காப்புரிமை: வைட்டமின் துகள்களை ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பால் 15 முதல் 40 சதவீதம் பூசினால் குருணைச் சூட்டையும் ஈரத்தையும் தாங்குகின்றன.

புதியவர் இங்கே என்ன எழுதுவார்? ‘ஆவணம் ஒன்றில் ஃபைட்டேஸ் உள்ளது, ஆவணம் இரண்டில் பூச்சு உள்ளது, ஆகவே இரண்டையும் சேர்த்தால் இந்தக் கண்டுபிடிப்பு வருகிறது.’ இது வாதமே இல்லை. விடையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவது இது. டெல்லி உயர் நீதிமன்றம் 2015இல் ரோஷ்–சிப்லா வழக்கில் ஐந்து படிகள் வகுத்தது: துறையறிந்தவரை அடையாளம் காண்பது, கண்டுபிடிப்பின் கருத்தைக் காண்பது, அந்தத் தேதியின் பொது அறிவை அவருக்கு ஏற்றுவது, முந்தையதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பது, அந்த வேறுபாடு அவருக்கு எளிதில் புலப்பட்டிருக்குமா என்று முடிவுசெய்வது. ஐந்தாவது படியிலேயே, பின்னோக்கிப் பார்க்கும் பிழையை விலக்க வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையிலெடுப்பது அந்த எச்சரிக்கையைத்தான்.

துறையறிந்தவர் சேர்த்திருக்க முடியுமா என்று கேட்டால் எதையும் எதோடும் சேர்க்க முடியும். சேர்த்திருப்பாரா என்று கேளுங்கள். அதற்குப் பதிலை இப்படிக் கட்டுங்கள். முதல் ஆவணம் சிக்கலைப் பெயர் சொல்லியே வைக்கிறது: குருணைச் சூடு. இரண்டாவது ஆவணம் அதே இயந்திரத்தில், அதே சூட்டில், இன்னொரு மென்மையான பொருளுக்கு அதே சிக்கலைத் தீர்க்கிறது. ஆலையில் வைட்டமினும் என்சைமும் ஒரே மேசையில் எடை போடப்பட்டு ஒரே கலப்பானில் விழுகின்றன. வைட்டமினுக்குப் பூசிய துகளை வாங்கிக்கொண்டிருக்கும் தொழில்நுட்பர் என்சைமுக்கும் அதைக் கேட்காமல் இருப்பாரா? இரண்டாவது ஆவணத்திலேயே ‘வெப்பம் தாங்காத மற்றத் தீவனப் பொருட்களுக்கும் பொருந்தும்’ என்று ஒரு வரி இருந்தால் அதை அடிக்கோடிட்டு, பக்க எண், வரி எண் கொடுத்து மேற்கோள் காட்டுங்கள். சதவீதம்? 15–40உம் 10–30உம் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. படியும் வரம்புக்குள் எந்த அளவு நன்று என்று சோதித்துப் பார்ப்பது ஆலையின் அன்றாட வேலை. நான்கு கலவை போட்டு, நான்கையும் குருணையாக்கி, மிஞ்சிய வீரியத்தை அளந்தால் முடிந்தது.

வெற்றி கிடைக்கும் என்று அவர் நியாயமாக எதிர்பார்த்திருப்பாரா என்பதும் இதனோடு ஒட்டிய கேள்வி. எதிர்த்தரப்பின் மிக வலுவான பதில் இங்கேதான் வரும். வைட்டமின் சிறு மூலக்கூறு, என்சைம் மடிப்பு மடிப்பான புரதம், இரண்டும் ஒன்றல்ல. மேலும் அந்தக் கொழுப்பு 60 டிகிரியில் உருகுகிறது, நீராவி பாய்ச்சும் 80 டிகிரிக் கண்டிஷனரில் உருகிப்போகும் பூச்சு பாதுகாக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்? நல்ல கேள்வி. இதை அலட்சியப்படுத்தி மனு எழுதினால் விசாரணையில் மௌனமாக நிற்க வேண்டிவரும். பதில் ஆவணங்களில் இருக்க வேண்டும்: கண்டிஷனரில் தீவனம் நிற்பது பெரும்பாலும் அரை நிமிடம், ஒரு நிமிடம், கெடுதலில் பெரும்பங்கு ஈரத்தோடு சேர்ந்த சூட்டுக்கு, கொழுப்பு தடுப்பது அந்த ஈரத்தை, இரண்டாவது ஆவணத்தின் அட்டவணையே 80 டிகிரியில் பூச்சு வேலைசெய்ததைக் காட்டுகிறது. பாடநூலிலிருந்து ஒரு பக்கம், அட்டவணையிலிருந்து ஒரு வரி, அவ்வளவு போதும். பத்தாவது, இருபதாவது ஆவணத்தைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இருபது ஆவணத்தைக் கோர்த்துத்தான் இந்தக் கண்டுபிடிப்புக்கு வர முடிகிறதென்றால், அது எளிதில் புலப்படாது என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

எதிர்பாராத விளைவு என்ற கேடயம்

தீவன வழக்குகளில் கடைசிக் கேடயம் அநேகமாக இதுதான். ‘பூசிய துகளில் 92 சதவீத வீரியம் மிஞ்சியது, பூசாததில் 40தான்’ என்று ஒரு அட்டவணை வரும். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதோடு ஒப்பிட்டார்கள்? பூச்சே இல்லாத துகளோடு ஒப்பிடுவது தப்பிக்கும் வழி. மிக நெருங்கிய முன்னறிவோடு, அதாவது அப்போதே தெரிந்திருந்த வேறு பூச்சோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். உரிமைக்கோரலின் முழு அகலத்துக்கும் விளைவு உண்டா? 20 சதவீதத்தில் மட்டும் சோதித்துவிட்டு 10 முதல் 30 வரை கேட்டால், மீதி இடத்துக்குச் சான்று எங்கே? அளவிட்ட முறை என்ன? ஃபைட்டேஸ் வீரியத்தின் ஓர் அலகு என்பது 37 டிகிரியில், 5.5 அமிலகார (pH) நிலையில், சோடியம் ஃபைட்டேட்டிலிருந்து நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் அளவு. வேறு நிலைகளில் அளந்த எண்களை அருகருகே வைத்தால் ஒப்பீடே செல்லாது.

விற்பனை எண்களைக் காட்டி, சட்டம் ‘பொருளாதார முக்கியத்துவம்’ என்று சொல்கிறதே என்பார்கள். சட்டத்தின் வரையறையில் அந்தச் சொல் இருப்பது உண்மை. ஆனால் அதே வாக்கியம், துறையறிந்தவருக்கு எளிதில் புலப்படாததாகவும் இருக்க வேண்டும் என்று முடிகிறது. விற்பனை அந்த இரண்டாம் பாதியை நிரப்பாது.

வெறும் கலவை என்றால் 3(e) பிரிவையும் தனிக் காரணமாக வையுங்கள். கருப்பட்டித் தூளையும் தாது உப்பையும் கலந்து, கருப்பட்டி இனிப்பையும் உப்பு தாதுக்களையும் மட்டுமே தந்தால், அது பண்புகளைக் கூட்டிவைத்த கலவைதான். ஒன்றோடொன்று சேர்ந்து புதிதாக ஏதோ செய்கிறது என்று காட்ட வேண்டியது விண்ணப்பதாரர். ‘மாட்டின் பாலை அதிகரிக்கும் முறை’ என்று உரிமைக்கோரல் இருந்தால் 3(i) பிரிவையும் பாருங்கள்: விலங்கை நோயிலிருந்து விடுவிக்கும், அல்லது அதன் பொருளாதார மதிப்பைக் கூட்டும் சிகிச்சை முறைக்குக் காப்புரிமை இல்லை.

நிபுணரின் உறுதிமொழிப் பத்திரம்

காப்புரிமை அலுவலகத்தில் சான்று பெரும்பாலும் உறுதிமொழிப் பத்திரமாகத்தான் போகிறது. நிபுணரை அவர் பெற்ற விருதுகளுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தத் தேதியில் குருணை ஆலையில் நின்று வேலை பார்த்தவர் வேண்டும். பத்திரத்தை நீங்கள் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குவது மிகப் பெரிய தவறு. குறுக்கு விசாரணை வந்தால் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். அவரிடம் காப்புரிமையைக் காட்டும் முன் சிக்கலை மட்டும் சொல்லி, ‘2016 மே மாதத்தில் உங்களிடம் இதைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலை அவர் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள். பிறகு ஆவணங்களைக் கொடுங்கள், கடைசியில் காப்புரிமையைக் கொடுங்கள். இந்த வரிசையையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். பின்னோக்கிப் பார்த்தார் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

கால அளவுகள் இறுக்கமானவை. பின்னெதிர்ப்பில், அதாவது 25(2)இல், சான்றுகள் மனுவோடே போக வேண்டும். காப்புரிமையாளருக்குப் பதிலளிக்க இரண்டு மாதம், அதற்கு நீங்கள் பதில் சான்று தர ஒரு மாதம். அதற்கு மேல் சேர்க்க அனுமதி வேண்டும். விசாரணையில் புதிய வெளியீடு ஒன்றைக் காட்ட விரும்பினால் குறைந்தது ஐந்து நாள் முன்பு மறுதரப்புக்கும் முடிவெடுக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளருக்கும் விவரத்தோடு தெரிவிக்க வேண்டும். மனுவைப் பரிசீலிக்கும் எதிர்ப்புக் குழுவின் பரிந்துரை நகலைக் கேட்டு வாங்குங்கள். அது எங்கே உங்களை நம்பவில்லை என்பது விசாரணைக்கு முன்பே தெரிந்துவிடும்.

மேல்முறையீடு

முடிவு எதிராக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உத்தரவைக் கையில் பென்சிலோடு படியுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு குறி: இது உண்மை பற்றிய முடிவா, சட்டம் பற்றிய முடிவா, அல்லது காரணமே இல்லாத முடிவா? ‘ஆவணங்கள் ஒன்றும் இரண்டும் வேறு துறையைச் சேர்ந்தவை, ஆகவே புலப்படாது’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அங்கே நில்லுங்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் அக்ரிபோர்டு வழக்கில், கண்டுபிடிப்புப் படியை, அதாவது எளிதில் புலப்படாத தன்மையை, மறுத்து விண்ணப்பத்தை நிராகரிக்கும் கட்டுப்பாட்டாளர் மூன்றைப் பேசியாக வேண்டும் என்றது: முந்தைய ஆவணம் என்ன சொல்கிறது, விண்ணப்பம் என்ன சொல்கிறது, முதலாவதிலிருந்து இரண்டாவது துறையறிந்தவருக்கு எப்படிப் புலப்படும். அது விண்ணப்பதாரருக்கு உதவிய தீர்ப்பு. எதிர்ப்பாளரும் அதே அளவுகோலைக் கேட்கலாம்: எங்கள் காரணத்தை நிராகரித்தால் ஏன் என்று சொல்ல வேண்டாமா?

மேல்முறையீட்டுக் காரணங்களை எழுதும்போது ‘உத்தரவு சட்டத்துக்கும் உண்மைக்கும் புறம்பானது’ என்று தொடங்கும் வழக்கமான பத்திகளை விட்டுவிடுங்கள். உத்தரவின் இந்தப் பத்தி, இந்த ஆவணத்தின் இந்த அட்டவணையைத் தவறாகப் படித்தது. சரியாகப் படித்தால் இது வரும். வந்தால் முடிவு மாறும். ஒவ்வொரு காரணமும் இந்த மூன்றையும் கொண்டிருக்கட்டும். ஐந்து காரணங்கள் போதும். அவற்றில் மிக வலுவானதை முதலில் வையுங்கள்.

புதிய சான்று சேர்க்கும் ஆசை இந்தக் கட்டத்தில் வரும். அந்த ஆய்வேட்டை அப்போதே கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் முடியாது. முன்பே முயன்றும் கிடைக்கவில்லை என்று காட்டாதவரை அனுமதி கிடைப்பதும் அரிது. மனுத் தாக்கலுக்கு முந்தைய மாதங்களில் நூலகத்தில் உட்கார்ந்து செலவழிக்கும் நாட்களை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

நிவாரணத்தை இரண்டாகக் கேளுங்கள்: உத்தரவை ரத்துசெய்து காப்புரிமையையே நீக்க வேண்டும், அது இயலாவிட்டால் புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்ப வேண்டும், முடிந்தால் வேறு அதிகாரியிடம், காலக்கெடுவோடு. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு. காலக்கெடு இல்லாமல் திரும்பிப்போன வழக்கு மீண்டும் ஓரிரு ஆண்டு நின்றால், அந்த ஆண்டுகள் முழுவதும் உங்கள் கட்சிக்காரரின் ஆலை நோட்டீஸுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கும்.

விசாரணை நாளில் நீதிபதியின் கையில் கொடுக்க ஒரே ஒரு தாளைத் தயார் செய்துகொண்டு போங்கள். இடப்பக்கம் நீங்கள் துண்டு போட்ட உரிமைக்கோரல், கூறு கூறாக. நடுவில் ஒவ்வொரு கூறும் எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில், எந்தத் தேதியில் இருக்கிறது. வலப்பக்கம், அந்தக் கூறை அடுத்ததோடு சேர்க்க வைத்த காரணம், அது எழுதப்பட்ட இடத்தோடு. வலப்பக்கத்தில் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், சென்னைக்கு ரயில் ஏறும் முன்பே அதை நிரப்பிவிடுங்கள். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.